வாடையொடு வரும் சிறு பறவைகளும் அவற்றை இனங்காணும் முறையும்

உறைபனி மூடிய வளவொன்றிலே, இலையுதிர்த்து நிற்கும் மரக்கிளையில், தானியங் கொத்தும் சிறு சிட்டுக்கள் வந்து கூடும் காட்சியை மேனாட்டுப் பாடநூல்கள் பலவற்றிற் காணலாம். அச்சிட்டுக்களை ஆங்கிலேயர் ‘பிஞ்ச்’ என்னும் பெயரால் வழங்குவர். குளிர்காலம் வந்ததும் அந்நாட்டு மக்கள் யன்னலருகே தானியத் தட்டு வைத்து அவற்றைப் பேணுதலும், வந்து தின்பவை இன்ன இன்ன இனத்தன என நூலோடு ஒப்புநோக்கி மகிழ்தலும் நெடுங்கால வழக்கமாகும். ‘குளிர்காலப் பறவை’ என்றால் தானியம் தின்னும் பறவை என்ற எண்ணம் இந்நூல்களின் வாயிலாக நம் மாணாக்கரின் உள்ளத்திலும் பதிந்துவிடுகின்றது.

அவ்வெண்ணத்தோடு திருக்கோணமலை வீட்டு வளவொன்றிலே மார்கழி விடியலில் நின்று நோக்கும் மாணாக்கன் மயக்கமே அடைவான். முற்றத்துக் குருணையைக் கொத்தித் தின்னும் சிட்டுக்களை அவன் காண்பான். ஆயின் அவை ஆடி மாதத்திலும் அங்கேயே இருந்தவை. ஆடியில் இல்லாது மார்கழியில் மட்டும் காணப்படும் புதுப் பறவைகளையும் அவன் காண்பான். ஆயின் அவற்றுள் ஒன்றேனும் அவன் வைத்த அரிசியைத் தீண்டாது. நூல் கூறியதற்கு முற்றும் மாறான இந்நிலைக்குக் காரணம் யாது? அக்காரணத்தை உணர்ந்தவனுக்கு, நம் வளவு மரங்களுக்கு வரும் விருந்தினரை இனங்காணுதலும் அவற்றைப் பேணுதலும் எளிதாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அலகு உணர்த்தும் உண்மை

பறவையின் அலகு அதன் உணவைக் காட்டும் கருவியாகும். பருத்துக் குறுகிக் கூம்பு வடிவாயமைந்த அலகு, வித்தின் கோதை உடைத்தற்கு உரியது. மெலிந்து நேராக நீண்ட அலகு, இலையிடுக்கிற் பதுங்கும் புழுவையும் பூச்சியையும் பற்றுதற்கு உரியது. அடி அகன்று தட்டையாயமைந்த அலகு, பறக்கும் ஈயைக் கவ்வுதற்கு உரியது. நுனி கொக்கி போல் வளைந்த அலகு, வெட்டுக்கிளி போன்ற பெரிய இரையைப் பற்றிக் கிழித்தற்கு உரியது.

வடநாடுகளிற் குளிர் மிகும்போது நிகழ்வது யாது எனக் காண்போம். நிலம் உறைந்துவிட, பறக்கும் பூச்சியும் இலைப் புழுவும் கண்ணிற் படாது மறைகின்றன. ஆயினும் உலர்ந்த செடிகளிலும் மரக்காய்களிலும் வித்துக்கள் எஞ்சி நிற்கின்றன. ஆகவே கூம்பலகு படைத்த தானியந்தின்னிகளுட் பல, குளிரைத் தாங்கி அங்கேயே வாழ வல்லனவாகின்றன. இடம் பெயர்வனவும் உணவுள்ள எல்லை வரையே பெயர்கின்றன. பூச்சிதின்னிகளுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. அவை தெற்கு நோக்கி நெடுந்தூரம் பறந்தேயாதல் வேண்டும்.

அவை தெற்கே வந்து சேரும் காலத்தில் நம் மாவட்டத்தின் நிலை எவ்வாறுள்ளது? வைகாசி முதலாக வீசிய கச்சான் காற்று ஓய்ந்து, புரட்டாசிக்குப் பின் வாடை எழுகின்றது. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையுள்ள மாதங்களிலேயே திருக்கோணமலையிற் பொழிகின்றது. காய்ந்து கிடந்த வளவுகள் தளிர்க்கின்றன. சருகு நனைந்து அதனடியிற் புழுக்கள் பெருகுகின்றன. மாலை விளக்கை ஈசல் மொய்க்கின்றது. வடபுலத்தில் விருந்து முடியும் வேளையில் நம் புலத்தில் இலை விரிக்கப்படுகின்றது. இதனாலேயே மேனாட்டவர் முற்றத்துக் குளிர்காலப் பறவைகள் தானியந்தின்னிகளாகவும், நம் முற்றத்து மாரிகாலப் பறவைகள் பூச்சிதின்னிகளாகவும் அமைந்தன. ஒரே குளிர்காலம் ஈரிடத்தும் ஈர் வேறு விளைவுகளைத் தருகின்றது என்பதை உணர்தல் வேண்டும்.

விருந்தினரல்லாத சிட்டுக்கள்

விருந்தினரை அறிய வேண்டுமாயின் வீட்டாரை முன்னர் அறிதல் முறை. பிஞ்ச் போலத் தோன்றும் நம்மூர்ச் சிட்டுக்கள் யாவும் ஆண்டு முழுவதும் ஈண்டு வதிவனவே. கூரையிடுக்கிற் கூடுகட்டும் ஊர்க்குருவி, தம்பலகாமத்து வயலோரத் தென்னையிலும் பனையிலும் கூடு தொங்கவிடும் தூக்கணாங்குருவி, கூட்டமாய் வந்து புல்லரிசி கொத்தும் தினைக்குருவிகள் ஆகியன இவற்றுட் சிறந்தவை. தினைக்குருவியைச் சில்லை எனவும் வழங்குவர். மார்பிலே செதில் போன்ற புள்ளிகளுடையது புள்ளிச்சில்லை. கருமேனியும் வெண்மையான பின்முதுகும் வெள்ளை வயிறும் உடையது வெண்முதுகுச் சில்லை. வறண்ட கரையோரப் பற்றைகளில் வெளிறிய மேனியும் கூரிய வாலுமாய்த் திரிவது வெண்தொண்டைச் சில்லை.

இவை அலகாற் பிஞ்சை ஒத்தனவேயன்றி உறவால் ஒத்தனவல்ல. இலங்கையில் வதியும் பறவைகளுள் உண்மைப் பிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்த இனம் ஒன்றுதானும் இல்லை. இந்தியாவிலோ அக்குடும்பத்துச் செந்நிறச் சிட்டொன்று குளிர்காலத்தில் தென்னக மலைகள் வரை இறங்கி வருகின்றது. பிஞ்ச் என்ற சொல்லே குருதியுறவினும் அலகின் வடிவையே மிகுதியும் குறித்து வந்துள்ளது. 1835ஆம் ஆண்டிற் காலப்பகோசுத் தீவுகளிலே சாள்ஸ் டார்வின் கண்ட புகழ்பெற்ற பிஞ்சுக்களும், இக்காலப் பகுப்பின்படி அக்குடும்பத்தனவல்ல. ஒரே தொழிலைச் செய்வோர் ஒரே வகைக் கருவியைக் கைக்கொள்ளுதல் போல, ஒரே உணவை நாடும் பறவைகள் ஒத்த அலகைப் பெறுகின்றன என்பதே இதன் விளக்கமாம்.

ஆகவே மாரிகாலத்தில் வளவிலே ஒரு சிறு பறவையைக் கண்டதும் அதன் அலகை முதலில் நோக்குக. கூம்பலகாயின் அது பெரும்பாலும் நம்மூர்க் குடியே. மெல்லலகோ, தட்டலகோ, கொக்கியலகோ ஆயின் அது விருந்தாக இருத்தல் கூடும், மேலும் ஆராய்க.

ஆராயும் முறை

அழகிய நிறத்தைக் கண்டு மயங்கி, நிறத்தையே முதலிற் குறித்துக்கொள்ளுதல் பயில்வோர் இயல்பு. இலை நிழலிலும் மழை மூட்டத்திலும் நிறம் ஏமாற்றும். ஐந்து வினாக்களை ஒழுங்காக எழுப்புதல் நலம். மாதம் யாது? உருவம் எவ்வளவு? மரத்தின் எப்பகுதியில் உள்ளது? என்ன செய்கின்றது? எவ்வாறு ஒலிக்கின்றது? இவற்றிற்கு விடை கண்டபின் நிறத்தையும் குறியையும் நோக்கினால் முடிவு தானே தோன்றும்.

உருவத்தை அளக்க நாமறிந்த மூன்று பறவைகளை அளவுகோலாகக் கொள்ளலாம். ஊர்க்குருவி ஏறத்தாழ 15 சதமமீற்றர் நீளமுடையது. கொண்டைக்குருவி 20 சதமமீற்றர். மைனா 23 சதமமீற்றர். ‘ஊர்க்குருவியினும் சிறிது’, ‘கொண்டைக்குருவியளவு’ என இவற்றோடு ஒப்பிட்டு எழுதுதல் போதும்.

இடத்தை நோக்குதல் அதனினும் பயனுடையது. ஒரு மாமரத்தில் மாடி வீடு போலப் பல நிலைகள் உள. அடிச்சருகு ஒரு நிலை. வேலியும் தாழ்கிளையும் ஒரு நிலை. நடுக்கிளை ஒரு நிலை. உச்சித் தழை ஒரு நிலை. விருந்தினர் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய நிலையிலேயே பெரும்பொழுதைக் கழிப்பர். அவ்வொழுங்கிலேயே நிலத்திலிருந்து உச்சி வரை அவர்களை அறிமுகஞ் செய்வோம்.

சருகிலே உலவுவோர்

முதற்கண் வைத்து எண்ணத்தக்கது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் இதனை வழங்குவர். கொண்டைக்குருவியளவினதாய், வால் மிகக் குறுகி, தடித்த உடலும் வலிய காலும் கொண்டது. பச்சை முதுகு, மண்ணிற மார்பு, தோளிலும் பின்முதுகிலும் ஒளிரும் நீலம், வாலடியிற் செம்மை, கண்ணூடே செல்லும் கரும்பட்டை, அதன்மேல் வெண்புருவம் என இத்தனை நிறங்களை ஒருங்கு தாங்கிய பறவை நம் வளவுகளிற் பிறிதில்லை. எனினும் நிழலடர்ந்த சருகிலே அது அசையாது நிற்கும்போது கண்ணுக்குப் புலப்படுதல் அரிது. விடியலிலும் அந்தியிலும் ஈரசைச் சீழ்க்கை ஒலியெழுப்புதலாலேயே ஆறுமணிக்குருவி என்னும் பெயர் வாய்ந்தது. இவ்வினத்தை ஆங்கிலேயர் அழைக்கும் ‘பிற்றா’ என்னும் பெயர், சிறு பறவையைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து சென்றதாகும்.

இப்பறவை இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துப் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஈண்டு வந்து சேர்கின்றது. சித்திரைக்குப் பின் மீள்கின்றது. கடலைக் கடந்து வரும் களைப்பினால், வந்த இரவிலே வீட்டினுள் புகுந்து மூலையிலே ஒடுங்கியிருத்தலும் உண்டு. அவ்வாறு காணப்படின், காற்றுப் புகும் பெட்டியொன்றில் இருளில் வைத்து, விடிந்ததும் மரநிழலில் விட்டுவிடுதலே செய்யத்தக்கது.

சருகிலே நடக்கும் பிறிதொரு விருந்து கொடிக்கால் வாலாட்டி. உருவம் ஊர்க்குருவியினும் சற்று நீண்டது, மெலிந்தது. மேனி பழுப்புப் பச்சை. வெண்மார்பிலே இரு கருவளையங்கள். இறகிலே வெண்மஞ்சட் கோடுகள். இவற்றினும் தெளிவான அடையாளம் அதன் செயலிலே உள்ளது. பிற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக அசைக்க, இஃதொன்று மட்டுமே பக்கவாட்டில், உடலின் பின்புறமும் கூட அசைய ஆட்டும். மேலும் பிற வாலாட்டிகள் வெளிநிலத்தையும் நீரோரத்தையும் விரும்ப, இது மரநிழலையே விரும்பும். வெருட்டினால் எழுந்து கிளையில் அமரும். எருக்கும்பியிலும் கிணற்றடி ஈரத்திலும் புழுத்தேடி நடக்கும். சீனத்தின் கீழ்ப்பகுதி, கொரியா ஆகியன இதன் பிறப்பிடங்களாம். வால் அசையும் திசையொன்றே இனத்தைக் காட்டிவிடும் என்பது நிறத்தினும் செயல் சிறந்த சான்று என்பதற்கு எடுத்துக்காட்டு.

வேலியிற் காவலிருப்போர்

கிளுவைக் கதியாலின் நுனியிலோ மின்கம்பியிலோ தனித்து நிமிர்ந்திருந்து, ஊர்க்குருவியினும் பெரிதாய்த் தலை பருத்து, கண்ணூடே முகமூடி போற் கரும்பட்டை தாங்கிய பழுப்புப் பறவையைக் கண்டால் அது பழுப்புக் கீச்சான் என்க. அலகின் நுனி கொக்கி போல் வளைந்திருக்கும். நிலத்தை நோக்கியிருந்து, வெட்டுக்கிளியைக் கண்டதும் இறங்கிப் பற்றி, மீண்டும் அதே இடத்திற்கு வந்தமரும். இளம்பறவைக்கு விலாவிலே மெல்லிய அலைவரிகள் உண்டு.

சைபீரியா, மொங்கோலியா முதலிய தூர தேயங்களிலிருந்து வரும் இப்பறவை, வந்ததும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு கரகரத்த குரலெழுப்பிப் பிற கீச்சான்களை விரட்டும். சென்ற ஆண்டு தங்கிய இடத்திற்கே மறு ஆண்டும் திரும்பி வரும் இயல்பும் இதற்குண்டு. ஆகவே உங்கள் வேலியில் இவ்வாண்டு காணும் கீச்சான், சென்ற ஆண்டு கண்ட அதே பறவையாக இருத்தலும் கூடும். அவ்வேலியை வெட்டியெறிந்து மதிலெழுப்பும்போது, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வரும் ஓருயிரின் இருப்பிடத்தையும் அகற்றுகின்றோம்.

நடுக்கிளையில் ஈப்பிடிப்போர்

நடுக்கிளையில் அமர்வோருள் எவர் கண்ணையும் கவர்வது வால் குருவி. நீலக்கரும் தலையும் கொண்டையும், உடலினும் மிக நீண்ட இரட்டை வாலிறகும் கொண்ட ஆண்பறவைகளுள் சில செம்பழுப்பாகவும் சில தூவெண்மையாகவும் தோன்றும். சிங்களர் செந்நிறத்ததைத் ‘தீக்கள்வன்’ என்றும் வெண்ணிறத்ததைத் ‘துணிக்கள்வன்’ என்றும் பொருள்படும் பெயர்களால் வழங்குவர். இரு பெயர் உண்மையால் இரு வேறு பறவைகள் எனக் கருதற்க, இனம் ஒன்றே. ஆயின் இவ்வேறுபாட்டில் நுண்ணிய செய்தி ஒன்றுண்டு. இலங்கையில் நிலையாக வதியும் கிளையினத்தில் ஆண்பறவை எக்காலத்தும் செம்பழுப்பாகவே இருக்கும். இந்தியாவிலிருந்து வரும் கிளையினத்திலேயே முதிர்ந்த ஆண் வெண்மையடைகின்றது. ஆதலால் வெண்ணிற வால் குருவி ஐயத்திற்கிடமின்றி விருந்து. செந்நிறத்தது ஆனி, ஆடியிற் காணப்படின் வீட்டுப் பறவை. மார்கழியிற் காணப்படின் இரண்டில் ஒன்று. இங்கே நிறமும் மாதமும் சேர்ந்தே முடிவைத் தருகின்றன.

வால் குருவியின் அழகின்முன் யாரும் நோக்காது விடும் எளிய பறவைகள் இரண்டுள. அவை பழுப்பு ஈப்பிடிப்பானும் பழுப்புமார்பு ஈப்பிடிப்பானுமாம். இரண்டும் ஊர்க்குருவியினும் சிறியன. இரண்டுக்கும் கண்ணைச் சுற்றி வெண்வளையம் உண்டு. இரண்டும் கிளையில் அசையாதிருந்து திடீரெனப் பாய்ந்து பூச்சியைக் கவ்வி மீளும். இவற்றைப் பிரித்தறியக் காலை நோக்குக. கால் கருமையாயின் முன்னையது. வெளிறிய மஞ்சளாயின் பின்னையது. முன்னையது வெளிச்சமுள்ள கிளையையும் பின்னையது அடர்நிழலையும் விரும்பும். பின்னையதன் மார்பிலே பழுப்புப் பட்டை தெளிவாயிருக்கும்.

இப்பழுப்புமார்பு ஈப்பிடிப்பானின் விஞ்ஞானப் பெயர் ‘மஸ்கிக்காப்பா முத்துயி’ என்பதாகும். இப்பெயரைத் தமிழ் மாணாக்கர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். இலங்கையில் அரசாங்க சேவையிலிருந்த எட்கார் லேயாட் என்பார் 1854ஆம் ஆண்டில் இவ்வினத்தை முதன்முதல் விவரித்தபோது, தமக்குப் பல பறவைகளைத் தேடிக் கொணர்ந்து தந்த முத்து என்னும் பணியாளரின் பெயரையே இதற்குச் சூட்டினார். உலகின் எந்நாட்டு நூலைப் புரட்டினும் இப்பறவைக்கு அப்பெயரே பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர், கண்ணூன்றிப் பார்த்ததனால் எய்திய நிலைத்த புகழ் இஃது.

உச்சித் தழையிலே ஒலிப்போர்

வேம்பின் உச்சியிலும் புளியின் தழையிலும் ஓயாது தாவி, ஒரு கணமும் நில்லாது, கண்ணுக்கு அகப்படாது அலைவன இலைக்குருவிகள். இவை பத்துக் கிராமை ஒட்டிய எடையுடையன. மேனி பச்சை, கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு, நேரிய மெல்லலகு. இவற்றைத் தேன்சிட்டோடும் தையற்குருவியோடும் மயங்குவோர் பலர். தேன்சிட்டின் அலகு வளைந்தது. தையற்குருவியின் வால் நிமிர்ந்தது, நெற்றி செம்பழுப்பு. இவ்விரண்டும் இல்லாது புருவக்கோடு மட்டும் தெளிவாயிருப்பின் இலைக்குருவி எனத் துணியலாம்.

நம் வளவுகளுக்கு வருவனவற்றுள் இரண்டு இனங்களைக் கூறுவோம். ஒன்று, முகமும் மார்பும் மஞ்சள் தோய்ந்த பச்சை இலைக்குருவி. காக்கேசிய மலைகளும் வடபாரசீகமும் இதன் பிறப்பிடம். மற்றொன்று, இமயமலைப் பகுதியிலிருந்து வரும் பேரலகு இலைக்குருவி. கண்ணூடே செல்லும் கருங்கோடு இதற்குத் தடித்திருக்கும். தழைக்குள் மறையும் இவற்றைக் கண்ணாற் பிரித்தல் தேர்ந்தோர்க்கும் அரிது. செவியே இங்குத் துணை. பச்சை இலைக்குருவியின் குரல் விரைந்து ஒன்றாய் இணைந்த ‘திஸ்வி’ போன்றது. பேரலகு இலைக்குருவியின் குரல் இரண்டாமசை உயர்ந்து பிரிந்தொலிக்கும் சீழ்க்கை. நாடோறும் காலையிற் பத்து நிமிடம் மரத்தடியிற் செவிசாய்த்து நின்றால் ஒரு மாதத்தில் இவ்வேறுபாடு பழக்கத்தில் வந்துவிடும்.

வரும் வழியும் காலமும்

இவை இத்துணைத் தூரத்தை எவ்வாறு கடக்கின்றன? மாணாக்கர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். திருக்கோணமலை வட அகலக்கோடு ஏறத்தாழ எட்டரைப் பாகையில் உள்ளது. ஆறுமணிக்குருவி குஞ்சு பொரிக்கும் இமய அடிவாரத்து டேராடூன் ஏறத்தாழ 30 பாகையில் உள்ளது. வேற்றுமை இருபத்தொன்றரைப் பாகை. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் எனக் கொள்ளின் நேர்த்தூரமே ஏறத்தாழ 2,390 கிலோமீற்றர் ஆகின்றது. சைபீரியாவிலிருந்து வரும் கீச்சானுக்கோ இதனினும் பன்மடங்கு. இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டியும், கிழக்குக் கரையை ஒட்டியும், அந்தமான் தீவுகளின் வழியாகவும் பறவைகள் இலங்கையை அடைகின்றன என ஆய்வாளர் கூறுவர்.

சிறு பறவைகளுட் பெரும்பாலன இரவிலேயே பயணஞ் செய்வன. விண்மீன்களின் நிலையும் புவியின் காந்தப்புலமும் அவற்றிற்கு வழிகாட்டுவதை 1960ஆம் ஆண்டுகளிற் கூண்டுப் பறவைகளைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகள் புலப்படுத்தின. புறப்படும் காலத்தை அவை உணர்வது குளிரால் மட்டுமன்று. கனடா நாட்டில் உவில்லியம் றோவன் என்னும் பேராசிரியர் 1924ஆம் ஆண்டு முதலாக, யங்கோ எனப்படும் சிட்டுக்களைக் கடுங்குளிரில் வைத்து, செயற்கை விளக்கொளியாற் பகற்பொழுதை நீட்டிச் சோதித்தார். குளிர் குன்றாதிருந்தும் அவற்றின் உடலில் இளவேனிற்கால மாற்றங்கள் தோன்றின. பகலின் நீட்சியே பறவையின் பஞ்சாங்கம் என்பது இதனாற் பெறப்பட்டது. வாடை எழுவதும் பறவை வருவதும் ஒரே காலத்தில் நிகழினும், வாடை அவற்றை அழைத்து வருவதன்று. இரண்டும் சூரியனின் செலவையே சார்ந்து நிற்கின்றன.

விருந்தோம்பும் முறை

விருந்தினர் யாவர் என அறிந்தோம். அவர்க்கு ஏற்ற உபசாரம் யாது? முற்றத்தில் அரிசியும் சோறும் வைத்தல் நம்மவரின் நல்வழக்கம். அதனாற் காகமும் அணிலும் ஊர்க்குருவியும் பயன்பெறும். ஆயின் வாடையொடு வரும் விருந்தினருக்கு அத்தட்டிலே உண்ணத்தக்கது ஒன்றும் இல்லை. அவற்றிற்குரிய உணவுத்தட்டு மரமும், மரத்தடிச் சருகுமே.

நம் வளவுகளை நாடோறும் கூட்டிச் சருகைக் குவித்து எரித்தல் தூய்மையின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது. முன்முற்றத்தைக் கூட்டுக, அது மனைக்கு அழகு. கோடிப்புறத்து மாமரத்தடியிலோ வேலியோரத்திலோ ஒரு பகுதிச் சருகையேனும் ஐப்பசி முதற் சித்திரை வரை விட்டுவைத்தல் ஆறுமணிக்குருவிக்கும் வாலாட்டிக்கும் சோறிடுதலை ஒக்கும். அச்சருகு மக்கி மரத்துக்கும் எருவாகும். நீர் தேங்கி நுளம்பு பெருகும் சிரட்டையும் தகரமும் அகற்றற்குரியன. சருகு அவற்றோடு சேர்த்து வெறுக்கற்குரியதன்று. பூச்சிகொல்லியைக் கண்டவாறு தெளித்தலும் பறவையின் உணவை அழித்தலேயாம். அந்தியிலும் விடியலிலும் வீட்டுப் பூனையை உள்ளே வைத்தல், சருகிலே நடக்கும் பறவைக்கு உயிர்ப்பிச்சையாகும். இரவு முழுவதும் எரியும் வெளிவிளக்கைத் தேவையற்றபோது அணைத்தலும் நன்று.

மரத்தைப் பற்றி ஒரு சொல். உவர்மலையிலும் உப்புவெளியிலும் பெருவளவுகள் துண்டாடப்பட்டு, மரம் நின்ற இடத்தில் மதிலும் சீமெந்துத் தரையும் தோன்றுதலைக் காண்கின்றோம். குடிபெருகும் நகரத்தில் வீடு வேண்டாவென யாரும் கூறார். ஆயினும் வீடொன்றுக்கு ஒரு வேம்போ முருங்கையோ புளியோ நிற்குமாயின், தெருமுழுதும் சேர்ந்து ஒரு சோலையாகும். வெட்டியே ஆக வேண்டிய கிளைகளையும், விருந்தினர் மீண்டபின் வைகாசியில் வெட்டலாம்.

குறிப்பேட்டின் இன்றியமையாமை

இலங்கைப் பறவைகளைப் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது என்பதையும் ஈண்டு நினைத்தல் தகும். 1868ஆம் ஆண்டு முதல் 1877ஆம் ஆண்டு வரை இந்நாட்டிற் பணியாற்றிய பீரங்கிப்படை அதிகாரி உவில்லியம் வின்சென்ற் லெக் என்பார், திருக்கோணமலையிலும் தங்கித் தாம் கண்டவற்றைக் குறித்துவைத்து, 1878 முதல் 1880 வரை ‘இலங்கைப் பறவைகளின் வரலாறு’ என்னும் பெருநூலை வெளியிட்டார். பறவைகளுக்கு நம் மக்கள் வழங்கிய தமிழ்ப் பெயர்களையும் அவர் கேட்டெழுதிச் சேர்த்துள்ளார். 1955ஆம் ஆண்டில் இலங்கைப் பறவைகளுக்குக் கைந்நூல் எழுதிய ஜி. எம். கென்றி, கொழும்பு நூதனசாலையிற் பூச்சியியற் பிரிவிலே பணியாற்றியவர். 1943ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகம், உறுப்பினர் கண்டவற்றைத் திரட்டியே அறிவை வளர்த்தது. போர்வீரரும் உத்தியோகத்தரும் ஓய்வுநேரத்தில் எழுதிய குறிப்புகளே இத்துறையின் அடித்தளம் என்பது இதனால் விளங்கும்.

நம் கல்லூரி மாணாக்கர்க்கு இத்தகைய பணி அரியதன்று. ஒரு குறிப்பேடு போதும். புரட்டாசி முதல் நாள் தொடங்கி, எப்பறவையை எந்நாளில் எம்மரத்தில் முதலிற் கண்டோம், இறுதியாக எந்நாளிற் கண்டோம், அன்று மழையா வெயிலா என எழுதுக. உறுதியில்லாதவிடத்து ஐயக்குறி இடுக. ஊகத்தை உண்மையென எழுதற்க. ஓராண்டுக் குறிப்பு ஒரு பொழுதுபோக்கு. பத்தாண்டுக் குறிப்பு ஒரு சான்று. 1964ஆம் ஆண்டு மார்கழியில் இவ்வூரைத் தாக்கியது போன்ற சூறாவளி மரங்களை வீழ்த்தும்போதும், மழை பின்வாங்கும்போதும், விருந்தினர் வரவில் நேரும் மாற்றத்தை அத்தகைய தொடர்க்குறிப்பே காட்டும். உயர்வகுப்பு மாணாக்கர் தொடங்கிவைத்ததை இளவகுப்பினர் ஏற்று நடத்தினால், கல்லூரியே நெடுங்காலம் நோக்கும் ஒரு கண்ணாகும். பழைய மாணவரும் தத்தம் ஊரிற் கண்டவற்றை எழுதியுதவலாம்.

பெயர்களையும் மறவாது குறித்துக்கொள்ளுக. ஆறுமணிக்குருவி, தோட்டக்கள்ளன், தினைக்குருவி, வால் குருவி என்பன ஏட்டிலே ஆக்கப்பட்டவையல்ல. வயலிலும் வளவிலும் வாழ்ந்தோர் கண்டும் கேட்டும் இட்டவை. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் உள்ள முதியோரிடம் இன்னும் எத்தனையோ பெயர்கள் இருத்தல் கூடும். அவர் நாவில் உள்ளபோதே அவற்றைக் கேட்டெழுதுதல் தமிழ் மாணாக்கரின் கடமை. வித்தைக் கொத்தும் அலகையும் புழுவைப் பற்றும் அலகையும் வேறுபிரித்தறியும் ஒருவன், தன் முற்றத்திலே நிகழ்வது அயலார் நூலில் உள்ளதன் நகலன்று, தனித்து ஆராயற்குரிய தன்னூர் இயற்கை என்பதை அறிந்தவனாவான். அவ்வறிவோடு நோக்குவோருக்கு, வாடை தொடங்கும் ஒவ்வோராண்டும் நம் வேம்பும் மாவும் புதியதொரு பாடத்தை விரித்து நிற்கும்.